ஏழு கொய்யா மரங்களும் நான் மறைத்த ஒரு நாளும்

நடந்ததை நடந்தபடியே இந்த மேடையில் பதிவு செய்யப் போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். எனக்கு வசதியாக எதையும் மாற்றவும் மாட்டேன். இந்த உறுதியை முதலில் கொடுத்துவிட்டுத்தான் வணக்கத்துக்கே வருகிறேன். முறை மாறிவிட்டது என்று பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த நன்றி விழாவுக்குத் தலைமை தாங்கும், தவறான விடைக்கு மேல் சிவப்பு மையால் மென்மையாகக் கோடு போடத் தெரிந்த எங்கள் தலைமையாசிரியர் ஞானம்பாள் அம்மையார் அவர்களே! வெயிலைத் தலையில் வாங்கி, வேரில் தண்ணீர் வார்த்து, வீதியில் போகிறவர்களுக்கெல்லாம் விதவிதமாய்க் கனி கொடுக்கும் தோட்டக்காரப் பெருமக்களே! அடுப்பில் உலையை வைத்துவிட்டு, அதை யாரிடமோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! கல்பாக்கம் குடியிருப்பிலிருந்து பணிப் பேருந்தில் இறங்கி நேரே இங்கு வந்திருக்கும் ஐயாக்களே! முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு என்னைச் சிரிக்கவைக்கப் பார்க்கும் மஹீராவே! உங்கள் அனைவருக்கும், கடைத்தெரு பாத்திரக்கடை நௌஷாத்தின் மகள், பன்னிரண்டாம் வகுப்பு ஹாதியாவின் ஸலாமும் வணக்கமும்.

எனக்கு இன்று ஒரு கேடயம் கொடுத்திருக்கிறீர்கள். அழகான கேடயம். அதில் பொன்னெழுத்தில், ‘பூச்சி வரும் நாளைச் சரியாகக் கணித்துத் தோட்டத்தைக் காத்த மாணவி’ என்று பொறித்திருக்கிறீர்கள். அந்த வாக்கியத்தில் ஒரு சொல் பொய். எந்தச் சொல் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

பதருன்னிசா மாமியை இங்கே தெரியாதவர் உண்டா? சாலைக்கு மேற்கே அவருடைய கொய்யாத் தோட்டம். வரிசைக்கு ஏழு மரமாக ஏழு வரிசை, நாற்பத்தொன்பது மரங்கள். அந்தக் கொய்யாவைத் தின்னாமல் மாமல்லபுரத்துக்குப் போன சுற்றுலாப் பயணி உண்டா? நாலாகப் பிளந்து, மிளகாய்த்தூளும் உப்பும் தூவி, கையில் கொடுப்பார் சாலையோரக் கடைக்காரர் கிருபாகரன் அண்ணன். ஆனால் இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு நாள், காரில் வந்த ஒரு குடும்பத்துக்காக அவர் பழத்தைப் பிளந்தபோது உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தது. அடுத்த பழத்தைப் பிளந்தார், அதிலும் புழு. மூன்றாவதைப் பிளக்க அவருக்கு மனம் வரவில்லை. கூடையோடு தோட்டத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். போன வருடமும் அதே கதை.

அது பழ ஈயின் வேலை. குளவியைப் போல மெல்லிய இடையும் மஞ்சள் கோடுகளும் உள்ள சிறிய ஈ. பழத்தின் தோலுக்குள் ஊசிபோல் குத்தி முட்டை வைக்கும். முட்டை புழுவாகும். புழு பழத்தைத் தின்று கொழுக்கும், பழம் அழுகி விழும். விழுந்த பழத்திலிருந்து புழு வெளியேறி, இரண்டு விரல் ஆழத்தில் மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாக உறங்கும். பிறகு ஒரு நாள் ஈயாகி மேலே வரும்.

அந்த ‘ஒரு நாள்’ எந்த நாள்? என் கேள்வி அதுதான். மாமியின் கேள்வி அதைவிடப் பெரிது. ஏனென்றால் மாமியின் தம்பி மொய்னுதீன் மாமா, அந்த இடத்தில் விடுதி கட்டி வண்டி நிறுத்தும் வளாகம் போட வேண்டும் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமா அவர்களே, நீங்கள் அங்கே சிரிப்பது எனக்குத் தெரிகிறது. சிரியுங்கள், உங்கள் பெயர் இன்னும் நாலைந்து இடத்தில் வரும். கடைசியில் மாமி, குடும்பத்தார் எல்லோர் முன்னிலையிலும் வாக்குக் கொடுத்துவிட்டார். அந்த வாக்கை அவர் சொன்னபடியே சொல்கிறேன்: “இந்த வருசமும் எந்த மரத்துல புழு வக்கிதோ, அந்த மரத்த வெட்டிக்கோ. நா வாயத் தொறக்க மாட்டேன்.”

அந்தச் சமயத்தில்தான் நான் நூலகத்திலிருந்து ஒரு பூச்சியியல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் நுழைந்தேன்.

அந்தப் புத்தகம் என் கண்ணைத் திறந்தது. நமக்கு உடம்பின் சூடு உள்ளிருந்து வருகிறது. பூச்சிக்கு அப்படி இல்லை. வெளியே எவ்வளவு வெப்பமோ, ஏறக்குறைய அவ்வளவுதான் அதன் உடம்பு. அதனால் அதற்கு நாட்காட்டி கிடையாது, வெப்பந்தான் நாட்காட்டி. இருபது டிகிரியில் வைத்தால் பழ ஈ முட்டையிலிருந்து ஈயாக ஏறக்குறைய நாற்பது நாள் எடுத்துக்கொள்கிறது. இருபத்தெட்டு முப்பதில் வைத்தால் இருபது நாள் போதும். குளிரில் தவழ்கிறது, கதகதப்பில் ஓடுகிறது. சரி, முப்பத்தைந்துக்கு மேல் போனால்? இன்னும் வேகமாக ஓடும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. அப்போது அதுவும் நம்மைப் போலத் தள்ளாடுகிறது, தாமதிக்கிறது, அதற்கு மேலும் ஏறினால் சாகிறது.

எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. மே மாதம் ஐந்தாம் தேதி, விழுந்த பழங்களிலிருந்து வெளியேறிய புழுக்களைப் பிடித்து, ஒரு ஊறுகாய் பாட்டிலில் மண்ணோடு போட்டு, வாயில் வலை கட்டி, மரத்தடியில் கழுத்தளவு புதைத்தேன். தினமும் போனில் வெப்பநிலையைப் பார்த்து நோட்டில் எழுதினேன். முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று. இவ்வளவு வெயிலில் புழு தள்ளாடத்தானே செய்யும்? அப்படிப்பட்ட நாளையெல்லாம் அரை நாளாகவே எடுத்துக்கொண்டேன். மே இருபதாம் தேதிதான் ஈ வெளியே வரும் என்று முடிவு சொன்னேன். வெளியே வந்த ஈ முட்டை வைக்கும் அளவுக்கு முதிர இன்னும் ஒரு வாரம் ஆகும். ஆகவே இருபத்தோராம் தேதி தொடங்கி, நாளுக்கு ஒரு வரிசையாக, ஈ குத்த முடியாதபடி காய்களுக்குக் காகித உறை கட்டினால் போதும் என்றேன். மாமி நம்பினார். என் நோட்டைப் பார்த்து நம்பினார். அழகான கையெழுத்து எவ்வளவு ஆபத்தானது என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

மே பதினான்காம் தேதி காலை. தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் உலகநாதன் அண்ணன் போன் செய்தார்.

“பாப்பா, உன் பாட்டில்ல ஈ வந்துகினு கீது. ஒண்ணு ரெண்டு இல்ல, அஞ்சாறு கீது. உன் கணக்குல இன்னிக்கு வரலாமா, கூடாதா?”

நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். வலைக்குள் ஈக்கள். இறக்கை இன்னும் ஈரமாக இருந்தது.

இப்போது நான் செய்ய வேண்டியது என்ன? மாமியின் வீட்டுக்கு நூறு அடி நடந்து, ‘நான் தப்பாகச் சொல்லிவிட்டேன்’ என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். செய்தேனா? செய்யவில்லை. பாட்டிலின் கண்ணாடி சூடேறியிருக்கும், அதனால் முன்னமே வந்துவிட்டன, மண்ணில் இருப்பவை என் தேதிப்படிதான் வரும் என்று உலகநாதன் அண்ணனிடம் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “பாட்டிலு மண்ணுக்குள்ளதான பாப்பா பொதஞ்சி கீது” என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்று முழுதும் கணக்கைத் திருப்பித் திருப்பிப் போட்டேன், விடையை மாற்றுவதற்காக அல்ல, விடையைக் காப்பாற்றுவதற்காக.

மறுநாள், அதாவது பதினைந்தாம் தேதி, குடியிருப்பில் வசிக்கும் வாசுதேவன் ஐயாவிடம் மண்ணில் குத்தும் வெப்பமானியை இரவல் கேட்கப் போனேன். அவர் அணுமின் நிலையத்தின் கருவிகள் பிரிவில் வேலை பார்த்தவர். வீட்டுச் சாமானைக் கொடுப்பதற்கும் ஒரு பதிவேடு வைத்திருக்கிறார். பெயர், தேதி, பொருள், திரும்பக் கொடுக்கும் நாள் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கையில் கொடுத்தார். ஐயா, பின்னால் கை தூக்குகிறீர்கள், தெரிகிறது. திருப்பிக் கொடுத்துவிட்டேன் ஐயா, நீங்கள்தான் அதில் இன்னும் குறிக்கவில்லை.

அந்தக் கருவியை மரத்தடிச் சருகுக்குக் கீழே, இரண்டு விரல் ஆழத்தில் குத்தினேன். மதியம் ஒரு மணி. போன் நாற்பது என்றது. மண் இருபத்தொன்பது என்றது.

“போன்ல நாப்பதுன்னு போட்டிருக்கே” என்றேன். உலகநாதன் அண்ணன் துண்டை விரித்துப் படுக்கப் போனவர் சொன்னார்: “நாப்பதா? இங்கயா? பதினொண்ணரைக்கு கடக்காத்து வந்துடுது பாப்பா. நானே ஒரு தூக்கம் போட்டு எந்திரிக்கிறேன். ஈக்கு மட்டும் இன்னா பேஜாரு?”

அப்போதுதான் போனை நன்றாகப் பார்த்தேன். வெப்பநிலைக்குக் கீழே சின்ன எழுத்தில் ஊரின் பெயர் இருந்தது: செங்கல்பட்டு. பத்து நாளும் நான் எழுதியது அங்கே அடித்த வெயிலை. அங்கே மலையும் பாறையும் காய்ந்துகொண்டிருந்தபோது, இங்கே கடல் நமக்கு விசிறிக்கொண்டிருந்தது. எந்தக் காற்றை ‘அப்பாடா’ என்று நாம் முகத்தில் வாங்குகிறோமோ, அதே காற்று மண்ணுக்குள் இருந்த எதிரிக்கும் தாலாட்டுப் பாடியது. எங்கே தள்ளாடும் என்று நான் எண்ணினேனோ, அங்கே அது ஓடிக்கொண்டிருந்தது. பாட்டில் பொய் சொல்லவில்லை. என் நோட்டுதான் வேறோர் ஊரின் நோட்டு.

அன்று மாலை மாமியிடம் போனேன். கணக்குத் தப்பு என்று சொன்னேன், அழுதேன். ‘ஈ எப்போது வந்தது?’ என்று கேட்டார். நான், “இன்னிக்குக் காலையில மாமி” என்றேன்.

ஆம், சபையோரே. நேற்றுக் காலையில் வந்ததை இன்றைக்குக் காலையில் என்றேன். ஒரு நாளை விழுங்கினேன். உலகநாதன் அண்ணன் அங்கேதான் குழாயை மடக்கிக்கொண்டு நின்றார். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மாமி என்னைத் திட்டவில்லை. “அழுவுறத அப்புறம் பாத்துக்கலாம். காலைல ஆள் வேணும், காயிதம் வேணும்” என்றார்.

பதினாறாம் தேதி காலை என்ன நடந்தது என்று நினைக்கிறீர்கள்? மஹீரா எங்கள் வகுப்பையே அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். கடைத்தெருவிலிருந்து தாய்மார்கள் நாஸ்தாவை முடித்த கையோடு வந்தார்கள். எங்கள் தலைமையாசிரியர், பள்ளியின் பழைய அரையாண்டு விடைத்தாள்களைக் கட்டுக் கட்டாக அனுப்பிவைத்தார். அவற்றில்தான் உறை செய்தோம். அம்மா, நீங்கள் என் வேதியியல் தாளையும் சேர்த்தே அனுப்பிவிட்டீர்கள். மூன்றாம் வரிசை நான்காம் மரத்தில், நூற்றுக்கு நாற்பத்தொன்று என்ற சிவப்பெழுத்து ஒரு மாதம் காற்றில் ஆடியது. சிரிக்காதீர்கள், அந்தக் கொய்யா நன்றாகத்தான் பழுத்தது.

அந்த நாட்களில் நான் இன்னொன்றும் கண்டேன். மரத்தடிச் சருகைக் கூட்டி, மண்ணைக் கொத்திப் புரட்டினோம். இன்னும் ஈயாகாமல் உறங்கிய கூட்டுப்புழுக்கள் வெளியே கிடந்தன. நிழலில் இருபத்தொன்பதாக இருந்த மண், புரட்டி வெயிலில் காட்டியதும் நண்பகலில் கையே வைக்க முடியாமல் சுட்டது. கடற்காற்று எட்டாத அந்தத் தரைச் சூட்டில் அவை காய்ந்தன. மிச்சத்தைக் கோழிகள் பார்த்துக்கொண்டன. வளர்ப்பதும் வெப்பம், வதைப்பதும் வெப்பம். எந்த அளவில், எந்த இடத்தில், எத்தனை நாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டவர்க்கு வெயில் வேலையாள். தெரியாதவர்க்கு அது வெறும் வியர்வை.

மொய்னுதீன் மாமாவும் வந்தார். ஏணியோடு வந்தார். “ஏணி என்னுது. ஒடைஞ்சா கேப்பேன்” என்று சொல்லிவிட்டு, தானே அதில் ஏறி இருநூறு காய்க்கு உறை கட்டினார். எந்தத் தோட்டத்தை வெட்ட நினைத்தாரோ அந்தத் தோட்டத்துக்கு. இதற்குக் கைதட்டாமல் எதற்குக் கைதட்டுவது? நன்றி, இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டலாம்.

நாளுக்கு ஒரு வரிசை. இருபத்தொன்றாம் தேதி மாலைக்குள் ஆறு வரிசை முடிந்தது. இருபத்திரண்டாம் தேதி காலை ஏழாவது வரிசைக்குப் போனோம். காய்களின் தோலில் ஊசியால் தொட்டது போலச் சின்னச் சின்னப் புள்ளிகள். ஈ முந்திக்கொண்டது. ஏழு மரத்திலும் முட்டை வைத்துவிட்டது.

ஒரு வரிசை, ஒரு நாள் வேலை. எந்த நாள் என்று எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

ஜூன் மாதம் அறுவடை. ஆறு வரிசையிலும், நாற்பத்திரண்டு மரங்களிலும், உறையைப் பிரிக்கப் பிரிக்கப் பளிங்கு போன்ற பழங்கள். கிருபாகரன் அண்ணன் தோட்டத்துக்கே வந்து, பழத்தைப் பிளந்து பார்த்து, தானே தின்று காட்டினார். ஏழாவது வரிசையில் மட்டும் பழத்துக்குப் பழம் புழு.

மாத முடிவில் குடும்பத்தார் கூடினார்கள். மாமி என்னையும் அழைத்திருந்தார், பாராட்டுவதற்காக. மொய்னுதீன் மாமா மாமியின் வாக்கை நினைவூட்டினார். “மிச்சத்த நீயே வச்சிக்கோக்கா. அந்த ஏழு மரத்த எடுத்துட்டா எனக்கு வண்டி நிறுத்த எடம் ஆச்சு” என்றார். மாமி பதில் பேசவில்லை. புழு வைத்த மரத்துக்காக வாய் திறக்க மாட்டேன் என்று சொன்னவர் அல்லவா? தலையைக் குனிந்துகொண்டார். மரம் அறுப்பவருக்குப் போன் செய்ய மாமா சட்டைப் பையில் கைவிட்டார்.

நான் எழுந்து நின்றேன். 

“மாமா, அந்த ஏழு மரமும் ஒரு தப்பும் பண்ணல. ஈ பதினாலாம் தேதியே வந்துடுச்சு. நான்தான் பதினஞ்சுன்னு பொய் சொன்னேன். அந்த ஒரு நாள் இருந்திருந்தா ஏழாவது வரிசையும் முடிஞ்சிருக்கும். புழு வச்சது மரம் இல்ல, நான்.”

மாமி, கதவருகே நின்றவரைப் பார்த்தார். “உலகநாதா, உனுக்கு இது தெரியுமா?”

“தெரியும்மா. சொன்னா பாப்பா அழுவுமேன்னு சொல்லல.”

மாமி தம்பியின் பக்கம் திரும்பினார். “நா வாக்குக் குடுத்தது மரத்தப் பத்தி. இந்தப் பொண்ணப் பத்தி இல்ல. மரத்து மேல தப்பு இல்லன்னு ஆயிடுச்சு. போன உள்ள வையி.”

“அப்ப எனக்கு வண்டி நிறுத்த எடம்?”

“ரோட்ல நிறுத்து.”

ஏழு மரங்களும் நிற்கின்றன. இன்று காலைகூடப் பார்த்துவிட்டு வந்தேன், புதுத் தளிர் விட்டிருக்கின்றன. ஆனால் உண்மையைச் சொல்வதாகச் சொன்னேன் அல்லவா? அன்று மாமி எனக்குத் தேநீர் கொடுத்தார், முகம் கொடுக்கவில்லை. நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்தேன். மறுநாள் காலை போன் வந்தது. “ஹாதியா, அடுத்த வருசமும் நீதான் தேதி சொல்லணும். இந்தத் தடவ என் தோட்டத்து மண்ணப் பாத்து சொல்லு. உறைய அந்த ஏழாவது வரிசையிலேந்து ஆரம்பி” என்றார். ஏமாற்றியவளிடம் மறுபடியும் தோட்டத்தைக் கொடுப்பதற்கு எவ்வளவு பெரிய மனம் வேண்டும்? அந்த மனத்துக்கு எந்தக் கடையில் கேடயம் செய்வார்கள்?

ஆகையால் சபையோரே, பொன்னெழுத்தில் இருக்கும் ‘சரியாக’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில், ‘உலகநாதன் முதலில் பார்த்தார்’ என்று பொறியுங்கள். என்ன அண்ணா, பின்வரிசையிலிருந்து ஏதோ சொல்கிறீர்கள்? உங்களுக்கு வேண்டாமா, வீட்டில் வைக்க இடமில்லையா? பரவாயில்லை, மோட்டார் அறையில் மாட்டலாம். நான் புதிதாக வாங்கியிருக்கும் வெப்பமானியும் இனி அங்கே பக்கத்திலேதான் இருக்கும், மரத்தடியில், மண்ணுக்குள்ளே.

தோட்டக்காரப் பெருமக்களே, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் மரத்தடியின் வெப்பத்தை உங்கள் மரத்தடியிலேயே அளந்து பாருங்கள். இருபது மைலுக்கு அப்பால் அடிக்கும் வெயில் உங்கள் தோட்டத்துப் புழுவைத் தொடாது. பழைய வழக்கப்படி ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கவும் வேண்டாம். வெயில் வருடத்துக்கு வருடம் மாறுகிறது, அதோடு பூச்சியும் மாறுகிறது. கணக்குத் தப்பினால், அன்றைக்கே, அந்த நிமிடமே, உரியவரிடம் போய்ச் சொல்லுங்கள். ஈக்கு ஒரு நாள் போதும். ஏழு மரம் பார்த்தவள் சொல்கிறேன்.

உறை கட்டிய விரல்களுக்கு நன்றி. ஏணி தந்த தோள்களுக்கு நன்றி. கையெழுத்து வாங்கிக்கொண்டு கருவி தந்தவருக்கு நன்றி. விடைத்தாள் தந்த என் பள்ளிக்கு நன்றி. என்னைக் காட்டிக்கொடுக்காத உலகநாதன் அண்ணனுக்கு நன்றி. நானே என்னைக் காட்டிக்கொடுத்த பிறகும் கைவிடாத பதருன்னிசா மாமிக்கு, என் ஆயுள் உள்ளவரை நன்றி. பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் ஸலாம், என் வணக்கம்.

மண்டபத்துக்காரருக்கு நேரமாகிவிட்டது போலிருக்கிறது. பின்வரிசை விளக்குகள் போயின, நடுவரிசையும் போனது. இதோ, மேடை விளக்கையும் அணைத்துவிட்டார்கள்.